மட்டாஞ்சேரியில் கை நனைத்தேன்

கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். காலை ஆறரை மணி வண்டியில் ஏறினால் பதினோரு மணி வாக்கில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவி சகுந்தலாவும் மகன் செந்திலும் அந்த வண்டியில் ஏறினோம். இரண்டாம் வகுப்பு டிக்கெட், ஆளுக்கு ஐம்பது ரூபாயும் கொஞ்சம் சில்லறையும். கையில் இரண்டு பைகள். ஒன்றில் பூவும் வெற்றிலை பாக்கும் ஆப்பிளும். இன்னொன்றில் என் சாப்பாடு.

அந்த இரண்டாவது பையைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நான் ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸில் ஆள் வருகைக் கணக்குப் பார்க்கிறவன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். மில் டாக்டர் பார்த்துவிட்டு, "பிரஷர் ஏறியிருக்கு, கொழுப்பு ஏறியிருக்கு, எடை ஏறியிருக்கு. உங்களால மட்டும்தான் ஏற முடியலை" என்றார். அந்தச் சமயத்தில் ஒரு நண்பர் என்னை இயற்கை உணவு முகாம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததிலிருந்து காலையும் மதியமும் அடுப்பு ஏறாத சாப்பாடுதான். முளைகட்டிய பச்சைப்பயறு, தேங்காய், வாழைப்பழம், வெள்ளரிக்காய், ஊறவைத்த அவல். பால், தயிர், நெய் கிடையாது. இரவில் மட்டும் இரண்டு சப்பாத்தி. அது டாக்டரும் சகுந்தலாவும் கூட்டுச் சேர்ந்து வாங்கிய சலுகை.

மூன்று மாதத்தில் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. மாடிப்படியில் நிற்பதும் நின்றது. உடம்பு இளைத்த அளவுக்கு என் பேச்சு பெருத்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், சலூனில் சவரம் செய்கிறவர், கரண்ட் பில் கட்டும் வரிசையில் முன்னால் நிற்பவர், யாரையும் நான் விட்டதில்லை. சகுந்தலாவிடம் ஒரே வாக்குவாதம்தான். "இதெல்லாம் ஒரு சாப்பாடுங்களா?" என்பாள். "இதுதான் முழுச் சாப்பாடு. நீ பண்றது தீயில செத்த சாப்பாடு" என்பேன். இருபத்தேழு வருஷமாகச் சமைத்துப் போட்டவளிடம் இதைச் சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

வாளையார் தாண்டி மலை விலகி வெயில் உள்ளே வந்தபோது, சகுந்தலா பயணத்தின் சட்டதிட்டங்களை அறிவித்தாள். நாங்கள் போனது செந்திலுக்குப் பெண் பார்க்க. பெண் வீட்டார் எங்கள் ஆட்கள்தான். மூன்று தலைமுறைக்கு முன்பு வற்றல் மிளகாய் வியாபாரத்துக்கு மட்டாஞ்சேரி போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. பலகாரம், காப்பித்தண்ணி, அத்தோட சரி. இலை போட்டா உக்காரக் கூடாது. ஊருக்குப் போயி போன் பண்றோம்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சரோணும். பொள்ளாச்சிக்காரங்க ஊட்டுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றோம்னு சொல்லியிருக்குது. ரெண்டையும் பாத்துட்டுத்தான் முடிவு. இந்தப் புள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதாமா. மலையாளந்தான் படிச்சுதாம்."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம் தின்னலாம், காப்பி குடிக்கலாம். சாப்பாட்டுக்கு மட்டும் உட்காரக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தட்டு மாற்றுவதும் தேதி குறிப்பதும் அதற்குப் பிறகு நடக்கிற காரியங்கள். கை நனைத்துவிட்டுப் பின்வாங்கினால் அந்தப் பெண்ணுக்கு ஊர் வாயில் ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். அதனால் பெரியவர்கள் பசி காதை அடைத்தாலும் எழுந்து வந்துவிடுவார்கள்.

"அப்பாவைப் பத்தி என்னம்மா பயம்? அவர்தான் யார் வீட்டுலயும் சாப்பிடறதில்லையே" என்றான் செந்தில். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

பாலக்காட்டில் வண்டி நின்றதும் ஜன்னலுக்கு ஜன்னல் பழம்பொரி வந்தது. நேந்திரம் பழத்தை நீளவாக்கில் அரிந்து, மைதா மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, கையளவு நீளத்தில் ஒன்று மூன்று ரூபாய். தாயும் மகனும் இரண்டிரண்டு தின்றார்கள். நான் என் பையிலிருந்து ஒரு பூவன் பழத்தை உரித்துத் தின்றபடி, பொரிப்பதால் பழத்துக்கு நேர்கிற கதியைப் பற்றி எதிர் சீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர் ஒற்றப்பாலத்திலேயே இறங்கிக்கொண்டார். திருச்சூருக்கு டிக்கெட் எடுத்தவர் என்று நினைக்கிறேன்.

எர்ணாகுளத்தில் இறங்கி ஆட்டோவில் படகுத்துறை. மட்டாஞ்சேரிக்குப் படகு டிக்கெட் இரண்டு ரூபாய்தான். கோயம்புத்தூர்க்காரனுக்குத் தண்ணீர் என்றால் சிறுவாணிக் குழாயில் வருவது. இங்கே கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். அதன் நடுவே மூன்று மாடி உயரக் கப்பல் ஒன்று, யாரோ நிறுத்திவிட்டு மறந்துபோன லாரி மாதிரி நின்றது. படகுக்காரர்கள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் மட்டாஞ்சேரித் துறை. கால் வைத்ததுமே சுக்கு, மிளகு, ஏலக்காய் எல்லாம் சேர்ந்த நெடி மூக்கில் ஏறியது. செந்தில் அடுக்குத் தும்மல் போட்டான். ஞாயிறு என்பதால் பஜார் ரோட்டில் மிளகுக் கிட்டங்கிகள் எல்லாம் சாத்தியிருந்தன. சாத்திய கதவுகளின் நிழலில் குடும்பம் குடும்பமாக ஆடுகள் படுத்திருந்தன. அவற்றை யாரும் விரட்டவில்லை. ஆட்டோக்கள்தான் ஒதுங்கிப் போயின.

ஆட்டோ டிரைவர் பதினைந்து ரூபாய் கேட்டார். பேர் பஷீர். எங்கள் தமிழுக்கு அவரும் ஒரு தமிழ் வைத்திருந்தார்.

"மட்டாஞ்சேரி வந்நிட்டு பிரியாணி தின்னாத போறதோ சாரே? நல்ல கடை காட்டித் தரலாம்."

நான் பையைத் தரையில் வைத்துவிட்டுச் சமைக்காத உணவின் மகிமையை அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு எதிரே படுத்திருந்த ஆட்டைக் காட்டினார்.

"சாரே, இவனும் பச்சை தன்னே தின்னுறது. பிரஷர் இல்லா, ஷுகர் இல்லா. பக்ஷே கடைசியில் பிரியாணி ஆயிப் போகும்."

சகுந்தலா அந்தப் பயணத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். நான் தகுந்த பதில் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது செந்தில், "அப்பா, பை!" என்று கத்தினான். காட்டிய ஆட்டின் கூட்டாளி ஒன்று என் பைக்குள் கழுத்து வரை தலையை விட்டிருந்தது. பிடுங்கிப் பார்த்தால் முளைப்பயறு இல்லை, வாழைப்பழம் தோலோடு இல்லை, வெள்ளரிக்காயில் ஒரு காம்பு மிச்சம். தேங்காய் மூடியை மட்டும் அது நக்கிவிட்டு வைத்திருந்தது. "அவனுக்கும் சாருக்கும் ஒரே இஷ்டம்" என்றார் பஷீர். நான் ஆட்டோவில் ஏறி வாயை மூடிக்கொண்டேன்.

பெண் வீடு சேர்லாய் பக்கம் ஒரு சந்தில், ஓட்டு வீடு. அப்பா வேலாயுதம் மிளகுத் தரகர். வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க வாங்க, கேறி இருங்க. யாத்திரை சுகமா இருந்துதோ?"

உள்ளே மின்விசிறிக்கு அடியில் நாற்காலிகள். அவர் மனைவி தங்கமணி பழம்பொரி, உண்ணியப்பம், ரவா கேசரி என்று மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். பின்னாலேயே சாயாத் தட்டோடு பெண். பேர் பிந்து. பி.காம். படித்துவிட்டு ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். குனிந்த தலையாக வரவில்லை. நேராகப் பார்த்து, ஆளுக்கு ஒரு டம்ளராகக் கொடுத்தாள். செந்தில் சாயாவைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். வீட்டில் சாயங்காலக் காப்பியைக்கூடப் பாதியில் வைக்கிறவன்.

என் முன்னால் தட்டு வந்தபோது, "எனக்கு வேண்டாங்க" என்றேன். டம்ளரையும் நகர்த்திவைத்தேன்.

தங்கமணியம்மாளின் முகம் வாடியது. வேலாயுதம் மின்விசிறியைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர் பலகாரத்தையே தொடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சகுந்தலா என் காலை மிதித்தாள். நான் அவசர அவசரமாக விளக்க ஆரம்பித்தேன். டாக்டர், மாடிப்படி, முகாம், பெல்ட் ஓட்டை, கடைசியில் ஆடு. விளக்கம் கால் மணி நேரத்துக்குக் குறையாது. முடிக்கும்போது வழக்கம்போல, "நீங்க சாப்பிடறது பாதிச் சாப்பாடுங்க. பச்சையாச் சாப்பிடறதுதான் முழுச் சாப்பாடு" என்று சொல்லியும் வைத்தேன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கதவோரம் நின்றிருந்த பிந்து, "அப்போ மாமாவுக்கு உச்சைக்கு ஒன்னும் இல்லையா? ஆடு தின்னு போச்சே" என்றாள். உச்சைக்கு என்றால் மத்தியானத்துக்கு. மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. என் வயிறு அதற்கு முன்பே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வெல்லம் கழிக்கலாமோ மாமா?" கழிப்பது என்றால் அங்கே சாப்பிடுவது.

"காய்ச்சினதும்மா. ஆகாது."

"உப்பு?"

"கொஞ்சம்."

உள்ளே போய்விட்டாள். தங்கமணியம்மாள் சொந்தபந்தங்களைக் காட்டுவதற்காக சகுந்தலாவை ஆல்பத்தோடு பின்கட்டு அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். யாருக்கு யார் பங்காளி என்று ஆரம்பித்தால் எங்கள் பெண்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். செந்திலும் வேலாயுதமும் மிளகு விலை பேசினார்கள். அரை மணி நேரம் கழித்து பிந்து என்னைக் கூப்பிட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் தலைவாழை இலை. தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தது. இலையில் தேங்காய்ப்பாலில் ஊறிய அவல். வெள்ளரிக்காயும் மாங்காயும் பொடியாக அரிந்து, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டது. பலாச்சுளை. நேந்திரம் பழத் துண்டுகள்மேல் வேலாயுதத்தின் சரக்கான மிளகைத் தட்டித் தூவியது. ஓரத்தில் உப்பு. தேங்காயை மட்டும் பல்லாகக் கீறாமல், காகிதம் மாதிரி சன்னமாகச் சீவி வைத்திருந்தாள்.

"மாமா இந்தப் பக்கமா மாத்திரம் மெல்லறீங்க. பல்லு வேதனையோ?" என்றாள்.

வேதனைதான். விளக்கத்தின் நடுவே மேஜையில் கிடந்த வெறும் ஏலக்காயை நான் வாயில் போட்டு மென்றதைக் கதவோரத்திலிருந்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு மாதமாகத் தேங்காய் கடித்துக் கடித்து வலது கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. இயற்கை உணவால் பல் கெட்டிப்படும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

உட்கார்ந்தேன். உட்காரக் கூடாது என்பது என் புத்தியில் எட்டவே இல்லை. காரணத்தைப் பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். அதை முழுச் சாப்பாடு என்று மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான் ஒருவன்தான். வேறு யாரும் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை. வீட்டில் நானே அரிந்து, நானே துருவி, ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்காருவேன். அதற்கு யாரும் இலை போட்டதில்லை, பரிமாறியதில்லை, "இன்னும் கொஞ்சம் மாமா" என்று சொன்னதில்லை. அன்று சொன்னார்கள். நானும் போடப் போட மறுக்கவில்லை. கடைசியில் இளநீர் வழுக்கையையும் பழத்தையும் ஏலக்காயோடு மசித்துப் பாயசம் என்று ஒரு கிண்ணத்தில் வந்தது. அதையும் வழித்துக் குடித்து, இலையை என் பக்கமாக மடித்து, எழுந்து கொல்லைக் குழாயில் கை கழுவினேன்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வேலாயுதம் போனில் தோப்பும்படியிலிருக்கும் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "சம்பந்தி கை நனைச்சு! அதே, நம்ம பிந்துவோட கையால, இலை இட்டு. பாயசம் வரைக்கும் ஆச்சு!"

பின்கட்டுக் கதவு திறந்தது. சகுந்தலா ஆல்பத்தோடு நின்றாள். "யாரு கை நனைச்சது?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கை இன்னும் முழுசாகக் காயவில்லை.

சகுந்தலா சமாளிக்கத்தான் பார்த்தாள். "அண்ணா, இதைப் போயி சாப்பாட்டுல சேத்தாதீங்க. பச்சைத் தேங்காயும் பழமும்தானுங்க. சோறு இல்லை, கொழம்பு இல்லை. ஒரு வாய் பழம் எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதானுங்க."

"அங்ஙனே சொல்லாதீங்க சேச்சி" என்றார் வேலாயுதம். குரலில் கெஞ்சல் இருந்தது. "சாரு தன்னே சொன்னது, இதுதான் முழுச் சாப்பாடுன்னு. கால் மணிக்கூர் சொன்னாரே. நாங்க பாதிச் சாப்பாட்டுக்காரங்க, சாரு முழுச் சாப்பாட்டுக்காரரு."

சகுந்தலா என் பக்கம் திரும்பினாள். "நீங்களே உங்க வாயால சொல்லுங்க. இது சாப்பாடா, இல்லையா?"

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் சகுந்தலா மூன்று மாதமாகச் சொன்னது ஜெயிக்கும். பொள்ளாச்சிக்கு அடுத்த ஞாயிறு போகலாம். ஆனால் தோப்பும்படிக்குச் செய்தி போய்விட்டது. சாயங்காலத்துக்குள் மட்டாஞ்சேரியிலுள்ள எங்கள் ஆட்கள் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். இலையில் உட்கார்ந்து தின்றுவிட்டு வேண்டாமென்று போனார்கள் என்ற பேச்சை அந்தப் பெண்தான் சுமக்க வேண்டும். ஆமாம் என்றால் என் மகன் கல்யாணத்தை அவனையும் கேட்காமல், அவன் தாயையும் கேட்காமல், பலாச்சுளையைத் தின்று நான் முடித்துவிட்டதாக ஆகும். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

பிந்து முன்னால் வந்தாள்.

"மாமா, இல்லைன்னு சொன்னா எனக்கு விரோதம் ஒன்னும் இல்லை. நீங்க பசியா இருந்தீங்க, செஞ்சேன். அத்தையும் விஷமிக்க வேண்டாம், வருத்தப்பட வேண்டாம். பக்ஷே உள்ளது சொல்லணும்."

அதற்குப் பிறகு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"சாப்பாடுதான் சகுந்தலா. இந்த மூணு மாசத்துல இன்னிக்குத்தான் நான் வயிறு நெறைஞ்சு சாப்பிட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை. பிறகு செந்திலைப் பார்த்தாள். "நீ என்றா சொல்றே?"

செந்தில் காலி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். அது மூன்றாவது சாயா. "அம்மா, எனக்கும் பசிக்குது" என்றான்.

அந்த வீட்டில், அந்த நேரத்தில், ஒரு பையன் தன் சம்மதத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. பிந்து சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சகுந்தலா மேஜையில் நான் மடித்து வைத்த இலையையும், பரிமாறிய கிண்ணத்தில் மிச்சமிருந்த தேங்காய்ச் சீவலையும் பார்த்தாள். ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆல்பத்தைத் தங்கமணியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"சோறு வடிச்சிருக்குதா கண்ணு?"

"வடிச்சிருக்கு அத்தே. சாம்பார், அவியல், பப்படம் எல்லாம் இருக்கு."

"அப்ப ரெண்டு இலை போடு."

மாலை ஐந்து மணிப் படகில் திரும்பினோம். வேலாயுதம் துறை வரை வந்து, கட்டிக் கொடுத்த மிளகுப் பொட்டலத்தைச் செந்தில் கையில் திணித்துவிட்டுப் போனார். படகு நகர்ந்தபோது மட்டாஞ்சேரியின் ஓட்டுக் கூரைகளும் அந்த நெடியும் மெல்லப் பின்னால் போயின. எங்கள் ஊரில் ஒரு சம்பந்தம் முடிய ஆறு மாதம், நான்கு தூது, இரண்டு சண்டை வேண்டும். இங்கே ஒரு மத்தியானத்தில் ஆகிவிட்டது. செந்தில் படகின் மறுகோடியில் நின்று, காலையில் பார்த்த அதே கப்பலைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சகுந்தலா என்னோடு பேசவில்லை. பொள்ளாச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிறாள் என்று நினைத்து, நானாகவே சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க சாப்பாடுன்னு சொன்னதுக்காக நான் இலை போடச் சொல்லலை" என்றாள். "தேங்காயை அந்தப் புள்ள சீவியிருந்துச்சு பாருங்க. ஏன் கண்ணு இப்படிச் சீவினேன்னு அடுப்படியில கேட்டேன். மாமாவுக்குப் பல்லு வலிக்குதுன்னுச்சு. மூணு மாசமா எதுக்கால உக்காந்துருக்கறேன். எனக்குத் தெரியலீங்க."

காற்றில் பறந்த தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். "எந்தப் பல்லு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்து காட்டினேன். பச்சையாகத் தின்ன ஆரம்பித்த நாளிலிருந்து, வாயைத் திறந்தும் எனக்குப் பேச்சு வராமல் போனது அன்று ஒருநாள்தான்.